ஸ்பானிஷில் எத்தனை ‘வேணும்’!

டெல்லியில் ஸ்பானிஷ் மொழித் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வுக்கு, அதில் ஏ2 என்கிற ஆரம்ப நிலைக்கு, படித்தபோது வினைத்திரிபுகளைவிட என்னைப் படுத்தியவை இலக்கணக் கலைச்சொற்கள்தான். பாடமே ஸ்பானிஷில் நடக்கும். இன்ஃபினிதீவோ, ஹெருந்தியோ, பெரீஃப்ராஸிஸ் என்று டீச்சர் அடுக்கிக்கொண்டே போவார். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா உருப்போட வைத்தது அங்கேதான் கைகொடுத்தது. ‘போக வேண்டும்’ என்பதில் ‘போக’, செய என்னும் வாய்பாட்டு எச்சம். இன்ஃபினிதீவோவுக்கும் இந்த இடத்தில் அதே வேலை. ‘பேசிக்கொண்டு’ என்கிற மாதிரி வந்தால் ஹெருந்தியோ. எச்சமும் துணைவினையும் சேர்ந்து ஒரே பொருள் தந்தால் பெரீஃப்ராஸிஸ். அவ்வளவுதான் விஷயம்.

கட்டாயத்தைச் சொல்ல நமக்கு ‘ணும்’ போதும். நானும் போகணும், அவங்களும் போகணும். ஸ்பானிஷில் ஆளுக்கு ஆள் மாறும்: தெங்கோ கே இர் (நான் போகணும்), தியெனெஸ் கே இர் (நீ போகணும்), தியெனென் கே இர் (அவங்க போகணும்). கடைசி மெட்ரோவுக்குக் கிளம்பியாகணும் என்கிற மாதிரி சூழ்நிலை நெருக்கினால் இந்த ‘தெனெர் கே’. அம்மாவுக்கு போன் பண்ணணும் என்று மனசு சொன்னால் பெரும்பாலும் ‘தேபெர்’. அதற்குப் பின்னால் ‘கே’ வராது. யார் என்றே சொல்லாமல் பொதுவாகச் சொல்ல ‘ஆய் கே’. ஆர்.கே.புரம் மலை மந்திரில் செருப்பைக் கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும் என்கிறோமே, அது: ஆய் கே கிதார்சே லோஸ் ஸபாதோஸ்.

எதிர்மறையில்தான் கவனம் தேவை. ‘நோ தியெனெஸ் கே பெனிர்’ என்றால் பொதுவாக நீ வர வேண்டியதில்லை, வந்தாலும் சரி. ‘நோ தேபெஸ் பெனிர்’ என்றால் வரக் கூடாது. நம்ம ‘வர வேண்டாம்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆசாமி. மனசுக்குள் தமிழில் யோசித்துவிட்டு எழுதுகிறவர்கள், அந்த ‘வேண்டாம்’ இரண்டில் எது என்று முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘தேபெர் தெ’. நடுவில் ஒரு ‘தெ’ நுழைந்ததும் கடமை போய் ஊகம் வந்துவிடுகிறது. தேபெ தெ எஸ்தார் என் காஸா: வீட்லதான் இருக்கணும். நாமும் ஊகத்துக்கு அதே ‘ணும்’தானே போடுகிறோம்! ஊகத்துக்கு ‘தெ’ இல்லாமலும் எழுதலாம். கடமைக்கு ‘தெ’ போட்டால்தான் தப்பு. பேச்சுத் தேர்வில் ஒரு போட்டோவைக் காட்டி விவரிக்கச் சொல்வார்கள். யார் என்று தெரியாத ஒருவரைப் பார்த்து, ‘தேபெ தெ செர் எல் பாத்ரே’, அப்பாவாத்தான் இருக்கணும், என்று தைரியமாகச் சொல்லலாம்.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50. இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தால்தான் பாஸ். ஒன்றில் அள்ளி இன்னொன்றில் சரிக்கட்ட முடியாது. ‘வேணும்’ வரிசையில் இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. ‘எஸ் நெஸெஸாரியோ கே’ (இன்னது அவசியம்) என்று ஆரம்பித்தால் பின்னால் சுப்ஹுந்தீவோ, அதாவது தேவை, விருப்பம், சந்தேகம் போன்றவற்றுக்கான தனி வினைவடிவம், வரும். அதை அடுத்த நிலையான பி1-க்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.