இரண்டு பேசின்கள்

கை கழுவுகிற பேசினில் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிவிட்டால் எங்கள் அம்மம்மாவிடம் அன்றைக்கு முழுக்கப் பேச்சுத்தான். 1970களில் இங்கிலாந்து ஜிப்சிகளோடு தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஜூடித் ஓக்லியை வாசித்தபோது அம்மம்மாதான் கண்முன் வந்தா. அங்கேயும் பாத்திரத்துக்கு ஒரு பேசின், கை கழுவ வேறொன்று, இரண்டும் கலக்கவே கூடாது. ஊர்ச்சனம் அவர்களை அழுக்கர் என்றது, அவர்களோ எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கழுவுகிற ஊர்ச்சனத்தைத்தான் அசுத்தம் என்றார்கள். தாங்கள் யார் என்பதைத் தினமும் அந்தப் பேசின்களில் காப்பாற்றியிருக்கிறார்கள், எனக்கு மனம் இளகிப்போனது.

இந்த ஜிப்சி மக்களின் ரோமானி மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்', இந்தியிலும் அப்படித்தான். வட இந்தியாவிலிருந்து போன மொழி என்பதற்கு இதெல்லாம் சாட்சி. 1971இல் லண்டனில் கூடிய முதல் உலக ரோமானி மாநாட்டில், மற்றவர்கள் வைத்த 'ஜிப்சி' வேண்டாம், எங்கள் பெயர் 'ரோமா' என்றார்கள்.

சரி, நாங்கள்? இலங்கையில் அம்பாறைப் பக்கம் அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குறவர் இருக்கிறார்கள். அவர்களையும் ஜிப்சி என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் ரோமாக்கள் வேறு, இவர்கள் வேறு. சின்ன வயதில் எங்களுக்கு அவர்கள் வெறும் வெருட்டு: "சாப்பிடாட்டி குறவனிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்." போன கிழமை மாமி என் மகளுக்கு அதையே சொன்னா. அப்படிச் சொல்லாதேங்கோ மாமி என்றேன், பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு குறவர் பிள்ளையும் உன்னைப் போலத்தான் சோற்றுக்கு அடம்பிடிக்கும் என்று சொன்னேன்.