ஸ்வார்ட்ஃபிஷ் 1/72: இடது இறக்கை, மூன்றாவது தடவை

முந்தாநாள் ராத்திரி பதினொன்றே காலுக்கு என் ஸ்வார்ட்ஃபிஷ் மாதிரி விமானத்தின் இடது இறக்கையை இழுத்துக் கட்டும் கடைசிக் கம்பி அறுந்தது. அறுந்தது என்ன, நான்தான் அறுத்தேன். கம்பியை விறைக்கச் சூடு காட்டுகிற ஊதுபத்தியை ஒரு மயிரிழை அதிகமாகக் கிட்டே கொண்டுபோய்விட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மேல் இறக்கை லேசாகத் துள்ளியது. பக்கத்தில் விறைப்பாக நின்ற மூன்றும் துவைத்துக் காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்துவிட்டன. நான்கு நாள் வேலை.

ஸ்வார்ட்ஃபிஷ் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஓட்டிய இரட்டை இறக்கை டார்ப்பிடோ விமானம். என்னுடையது ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் கிட், அளவு 1/72, நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. காக்பிட், பெகாசஸ் இஞ்சின், உடற்பகுதி எல்லாம் ஆடிக்கு முன்பே முடிந்துவிட்டன. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பெயின்டும் ஆயிற்று: மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரேயும் டார்க் ஸ்லேட் கிரேயும், அடியில் ஸ்கை. கீழ் இறக்கையின் மேல்பக்கத்தை மட்டும் ஒரு படி வெளுத்த சாம்பலில் அடித்திருக்கிறேன். இரட்டை இறக்கை விமானங்களில் மேல் இறக்கையின் நிழல் விழும் இடத்தை அப்படி வெளுப்பாக அடிக்கும் முறை உண்டு. வேண்டாதவர்கள் சண்டைக்கு வரலாம். நான் இப்போது கம்பிச் சண்டையில் இருக்கிறேன்.

செய்வது W5984 என்ற எண்ணுள்ள விமானம், அடையாள எழுத்து H. பிரிட்டிஷ் கடற்படை விமானி லெஃப்டினன்ட் கமாண்டர் யூஜீன் எஸ்மாண்ட் 1942 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் மேன்ஸ்டன் விமானத்தளத்திலிருந்து எடுத்துப் போனது. திரும்பி வராதது.

கம்பிக்கு வருகிறேன். நிஜ விமானத்தில் இருப்பது உருண்டைக் கம்பி இல்லை, காற்றைக் கிழிக்கிற தட்டைக் கம்பி. அது ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும் 1/72-ல் 0.14 மில்லிமீட்டர்தான் வரும். அதற்கு மேல் தடித்தால் விமானம் கோழிக்கூண்டு மாதிரி ஆகிவிடும். முதல் தடவை, ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியில் காட்டி இழுத்த இழை. பார்க்க அழகு. சட்டைக் கை பட்டதும் உடைந்தது. இரண்டாவது தடவை, சவுரி முடி. சிரிக்காதீர்கள், கறுப்பும் மினுமினுப்பும் அச்சு அசல் எஃகு. ஆனால் அதற்குப் பின்னல் ஞாபகம் போகாது. ஒட்டின மறுநாளே நெளிய ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவதுதான் தங்கூசி, மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. காசிமேட்டுப் பக்கம் ஒரு கடையில் 0.10 மி.மீ. கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மீனுக்கு சார்?" மீனுக்கு இல்லை, பொம்மை விமானத்துக்கு என்றேன். "அதானே, இதுல கெளுத்திகூட நிக்காது" என்று உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு சுருள் எடுத்து வந்தார். ஆயுசுக்கும் போதும். இந்த வேலைக்கென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற ரப்பர் இழைக்கு ஆகும் தபால் செலவையும் சுங்கத்தையும் நினைத்தால் இந்தச் சுருளுக்குப் பூ வைத்துப் பொட்டு வைக்கலாம்.

தங்கூசியின் நல்ல குணம், சூடு காட்டினால் சுருங்கி விறைக்கும். இரண்டு முனையையும் 0.3 மி.மீ. பிட் போட்ட துளைகளில் சூப்பர் க்ளூ வைத்துப் பிடித்து, காய விட்டு, எரிகிற ஊதுபத்தியின் நுனியை அடியில் மெதுவாக ஓட்டினால் கண்ணெதிரே நேராகும். படாமல் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் மூன்று நாளாகச் சந்தன வாசனை. "என்னங்க, இது சாமிக்கா பிளேனுக்கா?" என்று வீட்டில் கேட்டாயிற்று.

என் தவறு சூட்டில் மட்டும் இல்லை, வரிசையிலும். இந்தக் கம்பிகளில் இரண்டு சாதி. ஒன்று, பறக்கும்போது இறக்கை மேலே எகிறாமல் கீழே இழுத்துப் பிடிப்பது. கீழ் இறக்கை உடலோடு சேரும் பக்கத்திலிருந்து மேல் இறக்கையின் நுனிப்பக்கம் போகும். இன்னொன்று, தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் தாங்குவது. அது எதிர்த் திசையில் போகும். நான் என்ன செய்தேன், ஒரு சாதியை முழுக்க விறைத்துவிட்டு அடுத்த சாதிக்குப் போனேன். இடது மேல் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட எதிர்க்கம்பிக்குக் கூடச் சூடு, இன்னும் கொஞ்சம் சூடு, 'டிக்'. மிருதங்கத்துக்கு வார் இழுக்கிறவர் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போவாரா? இங்கே ஒன்று, எதிரே ஒன்று. இது தெரியாமலா நாற்பது வயதுவரை கச்சேரி கேட்டேன்.

படம் அனுப்பினதும் நம் தம்பி ஒருத்தன் யோசனை சொன்னான்: "அண்ணே, எப்படியும் எஸ்மாண்டுக்கு இடது இறக்கைதானே போச்சு? அப்படியே விட்டுட்டு, குண்டு பட்ட மாதிரி செஞ்சிடுங்க."

விவரம் தெரிந்துதான் சொன்னான். எஸ்மாண்டுக்குக் கொடுத்த விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கம்) அறிவிப்பிலேயே இடது இறக்கை சிதைந்தது என்று இருக்கிறது. ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்று ஜெர்மனியின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் பிரின்ஸ் ஆய்கன் குரூசரும் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பி, பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாய் வழியாக ஜெர்மனிக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ். உச்ச வேகமே மணிக்குச் சுமார் 230 கி.மீ.தான் உள்ள, துணி போர்த்திய விமானம். துணைக்கு ஐந்து ஸ்குவாட்ரன் (விமான அணி) ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் வரும் என்று வாக்கு. நேரத்துக்கு வந்து சேர்ந்தது 72-வது ஸ்குவாட்ரனின் பத்து விமானங்கள் மட்டும். எஸ்மாண்ட் சற்று நேரம் வட்டமடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். காத்திருந்தால் கப்பல்கள் கை மீறிப் போய்விடும்.

ஆறும் விழுந்தன. பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் போனார்கள். பிழைத்த ஐந்து பேரும் எஸ்மாண்டோடு முன்னால் போன மூன்று விமானங்களில் மற்ற இரண்டில் இருந்தவர்கள். பின்னால் வந்த மூன்றிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. போட்ட டார்ப்பிடோ ஒன்றும் கப்பலில் படவில்லை. எஸ்மாண்டின் விமானத்தில் பின்னால் துப்பாக்கியோடு இருந்தவர் கிளின்டன். வால் பக்கத் துணியில் தீப்பிடித்ததும் வெளியே ஏறி, உடற்பகுதியின் மேல் குதிரை மாதிரி கால் போட்டு உட்கார்ந்து, கையாலேயே அடித்து அணைத்துவிட்டுத் திரும்பிப் போய்த் துப்பாக்கியைப் பிடித்தார். பார்த்துச் சொன்னவர், பக்கத்து விமானத்திலிருந்து பிழைத்த எட்கர் லீ. நடுவில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி வில்லியம்ஸ். மூன்று பேருமே திரும்பவில்லை.

அதனால் தம்பிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்வது மேன்ஸ்டனில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன்னால் தரையை விட்ட விமானம். அப்போது இடது இறக்கையில் எல்லாக் கம்பியும் இருந்தது, விறைப்பாகவும் இருந்தது. கம்பி கட்டுகிற ரிக்கர் ஒருவன் அதைத் தட்டிப் பார்த்துத்தானே அனுப்பியிருப்பான். என்னால் இழுக்க முடியாத கம்பிக்கு அவர்கள் சாவைச் சாக்குச் சொல்ல மனசு வரவில்லை.

எஸ்மாண்டைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த ஆள் அதற்கு முன்பே எத்தனை தடவை தப்பித்திருக்கிறார் என்று மலைப்பாக இருக்கிறது. விமானப்படையை விட்டு இம்பீரியல் ஏர்வேஸில் தபால் விமானம் ஓட்டியபோது 1935-ல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் விழுந்து பிழைத்தார். 1941 மே 24 ராத்திரி, மோசமான வானிலையில் விக்டோரியஸ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒன்பது ஸ்வார்ட்ஃபிஷ்களை ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் மேல் கூட்டிப்போனார். ஒரு டார்ப்பிடோ பட்டது. ஒன்பதும் திரும்பி வந்து இருட்டில் இறங்கின. அந்த நவம்பரில் ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பல் முழுகியபோதும் தப்பினார். பிஸ்மார்க்குக்காகக் கிடைத்த டி.எஸ்.ஓ. பதக்கத்தை பக்கிங்காம் அரண்மனையில் வாங்கியது 1942 பிப்ரவரி 11. மறுநாள் மேன்ஸ்டன். வயது 32. உடல் தேம்ஸ் முகத்துவாரத்தில் கரை ஒதுங்கியது ஏப்ரல் கடைசியில். ஜில்லிங்காமில் புதைத்தார்கள்.

இந்த விமானத்துக்கு 'ஸ்ட்ரிங்பேக்' என்று பட்டப்பெயர். இத்தனை கம்பி இருப்பதால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். டார்ப்பிடோ, கடல் கண்ணி, குண்டு, ஒளிவாணம் என்று எதைக் கொடுத்தாலும் தூக்கிக்கொண்டு போகும், சந்தைக்கு எடுத்துப் போகிற வலைப்பை மாதிரி. கம்பி கட்டுகிறவனுக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இல்லை.

நேற்று விடுமுறை. நான்கையும் பிடுங்கிவிட்டு, துளைகளில் காய்ந்த பசையை மறுபடி பிட் போட்டுச் சுத்தம் செய்தேன். ஒரு துளை வாய் பெரிதாகிவிட்டது. அதற்கு ஸ்ப்ரூத் துண்டு அடைத்து மறுபடி துளை. இந்தத் தடவை எல்லாக் கம்பியையும் தொய்வாகவே ஒட்டிவிட்டு ஐந்து மணி நேரம் கிட்டே போகவில்லை. அப்புறம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று, இழுப்பது ஒன்று, தாங்குவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பாதிச் சூடுதான். சுற்றி வந்து மறுபடி பாதி. ஃபேனை அணைக்க மறக்காதீர்கள், சாம்பல் பறந்து ஈரப் பசையில் உட்காரும். எனக்கு ஒன்று உட்கார்ந்தது, ஊசியால் எடுத்தேன்.

நடுவில் காய்கிற நேரத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல் அடுத்த கிட்டின் பெட்டியைத் திறந்துவிட்டேன். இன்னொரு ஸ்வார்ட்ஃபிஷ்தான், திட்டாதீர்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலை சீனன்குடாவிலிருந்து கொழும்பு ரத்மலானைக்குப் போய்க்கொண்டிருந்த 788-வது ஸ்குவாட்ரனின் ஸ்வார்ட்ஃபிஷ்கள் நடுவழியில் ஜப்பானிய ஜீரோ சண்டை விமானங்களிடம் மாட்டின. அங்கேயும் ஆறு விமானங்கள். ஆறும் விழுந்தன. கால்வாய்க்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மேன்ஸ்டனின் ஆறு விமானங்கள் எல்லோருக்கும் தெரிகிறது, நம் பக்கத்துக் கடலோரத்தில் போன ஆறு விமானங்கள் யாருக்கும் தெரிவதில்லை. அதைச் செய்து இதன் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பலகை ஒன்றே போதும். அளவு எடுத்துவிட்டேன், இறக்கை நுனிக்கு நுனி 19 சென்டிமீட்டர் சொச்சம்.

முதலில் இதை முடிக்க வேண்டும். வால் கம்பிகள் இருக்கின்றன. டார்ப்பிடோவுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. கிளின்டன் பொம்மைக்குக் கையுறை போடுவதா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்தேன். வெறுங்கையால் அணைத்தார் என்றுதான் படித்தேன், போடப்போவதில்லை.

காலையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மேல் இறக்கை நுனியிலிருந்து மேசைவரை இரண்டு பக்கமும் ஒரே அளவு. இடதை மூன்று தடவை அளந்தேன். பாக்கெட்டில் இரண்டு ஊதுபத்தி மிச்சம், வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்கிறார்கள்.