எங்க ஊரு பள்ளிக்கூட இடத்த ஸ்கூல் பேருக்கு மாத்துன கதை

எங்க பக்கம் பழைய பள்ளிக்கூடம் பலதும் ஏதோ ஒரு செட்டியார் வீட்டு ஐயா வாய்வார்த்தையா குடுத்த இடத்துலதான் நிக்குது. அந்தக் காலத்துல குடுத்தாக, ஊரு வாங்கிக்கிச்சு, பத்திரம் கித்திரம்னு யாரும் கேக்கல. இப்ப புதுக் கட்டடம் வேணும்னு போய் நின்னா மொதக் கேள்வியே இடம் யார் பேருல இருக்குன்னுதான். எங்க ஊரு சிவகங்கை மாவட்டத்துல கல்லல் பக்கம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நான் அங்க பள்ளி மேலாண்மைக் குழு தலைவரா இருந்தேன். அந்த இடத்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வாங்குனதுல ஆபீஸ் வேலைய விட ஊருக்குச் சொல்ற வேலைதான் பெருசா இருந்துச்சு, அதனால அதையே கொஞ்சம் விரிவா எழுதுறேன், இதே மாதிரி மாட்டிக்கிட்டு இருக்க ஊருக்கு உதவும்.

2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு ஸ்கூல்ல கழிப்பறைச் சுவர் இடிஞ்சு 3 பசங்க செத்துப்போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் தமிழ்நாடு முழுக்க பழைய ஸ்கூல் கட்டடத்தை எல்லாம் பாத்து ஆபத்தா இருக்கறத இடிக்கச் சொன்னாங்க. எங்க ஸ்கூல்ல ரெண்டு கட்டடம், அதுல பழைய கட்டடம் போயிருச்சு. இடிச்சது நல்லதுதான், மழைக்கு மேல இருந்து காரை காரையா விழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஆனா இடிச்ச எடத்துல ஒண்ணும் வரல. ஒன்னாப்பு, ரெண்டாப்பு பிள்ளைங்க வராண்டாவுல, மழை வந்தா எல்லாரும் ஒரே ரூம்ல. இதப் பாத்து ஊருக்குள்ள பேச்சு கெளம்பிருச்சு, ஸ்கூல மூடப்போறாங்க, அதுக்குத்தான் இடிச்சாங்கன்னு. யாரு சொன்னான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஆனா டிசி வாங்கிட்டுப் போறவங்க மட்டும் வந்துக்கிட்டே இருந்தாங்க, காலைல மெட்ரிக் ஸ்கூல் வேன் வந்து நிக்கும், ஏறுற பிள்ளைங்க கூடிக்கிட்டே போச்சு.

2022ல கவர்மெண்ட் ஸ்கூல் எல்லாத்துலயும் மேலாண்மைக் குழுவப் புதுசா அமைச்சாங்க. 20 பேரு, அதுல 15 பேரு பெத்தவங்க, தலைவர் ஒரு அம்மாவாத்தான் இருக்கணும். கல்வி உரிமைச் சட்டத்துலயே முக்கால்வாசி பேரு பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு இருக்கு. நான் வீட்டுல தையல் மிஷின் போட்டு தைக்கிறேன், ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வந்து போற எடம், அதனாலயோ என்னவோ எம் பேரச் சொன்னாங்க. மொதக் கூட்டத்துலயே ஹெச்எம் டீச்சர் பட்டா நகல எடுத்து வச்சாங்க. இடம் இன்னும் அதக் குடுத்த செட்டியார் வீட்டு ஐயா பேருலயே இருக்கு, அவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு, இது மாறாம கட்டடத்துக்கு எழுத முடியாதுன்னு சொன்னாங்க. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு 5 வருஷத்துக்கு 7,000 கோடின்னு அந்த வருஷ பட்ஜெட்லதான் அறிவிச்சிருந்தாங்க, பணம் ஒரு பக்கம் இருக்கு, நாம கைநீட்டி வாங்க முடியாத எடத்துல இருக்கோம்னு புரிஞ்சுச்சு.

கூட்டம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு. அந்த நேரத்துல யாரு வருவா? கூலிக்குப் போனவங்க திரும்பி வந்திருக்க மாட்டாங்க, ஆம்பளைங்க காரைக்குடியில இருப்பாங்க. உறுப்பினருங்களே பாதிப் பேருதான் வருவாங்க, தீர்மானத்தப் போட்டு ஆப்ல ஏத்திட்டா கூட்டம் முடிஞ்சுரும், ஊருக்கு ஒண்ணும் தெரியாது. அதனால நாங்க ஒரு முடிவு எடுத்தோம், ஊரு கூட்டத்துக்கு வரலைன்னா கூட்டம் ஊரு இருக்க எடத்துக்குப் போகணும்னு.

நூறு நாள் வேலைக்கு வர்றவங்கள காலைல போட்டோ அட்டெண்டன்ஸுக்கு வரிசையா நிக்க வைப்பாங்க. அது முடிஞ்ச கையோட ஊருணிக் கரை புளிய மரத்தடியில நான் தீர்மான நோட்ட எடுத்துப் படிப்பேன். நோட்டுல இருக்க பாஷைய அப்படியே படிச்சா புரியாது, அதனால ஒவ்வொரு வரியாப் படிச்சு அத நம்ம பேச்சுல சொல்லுவேன். மொத நாளே ஒரு அப்பத்தா மம்பட்டிய ஊனிக்கிட்டு நின்னு கேட்டாக, "ஏன்த்தா, மூடப்போறதில்லங்கிற, அப்ப எதுக்கு இடிச்சாக?" நான் இடிக்கச் சொன்ன கடுதாசி நகல், அப்புறம் புதுக் கட்டடம் கேட்டு நாங்க போட்ட தீர்மானம், ரெண்டையும் எடுத்துக் காமிச்சேன். அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், ஆனாலும் வாங்கி சீல் குத்துன எடத்தத் தடவிப் பாத்துட்டு பக்கத்துல இருந்தவங்ககிட்ட நீட்டுனாக. அது கை மாறி கை மாறி வரிசைக் கடைசி வரைக்கும் போய்ட்டு மண்ணு ஒட்டித் திரும்பி வந்துச்சு. வாயால சொன்னா அதுக்கு எதிரா இன்னொருத்தர் வாயால சொல்லலாம், கையில காகிதம் இருந்தா பேச்சு நின்னுரும், இத நான் திரும்பத் திரும்பப் பாத்துருக்கேன். அதுல இருந்து எந்த மனு குடுத்தாலும் நகல் எடுத்து ரேஷன் கடைச் செவுத்துல ஒட்டிருவோம், டீக்கடையில ஒண்ணு.

வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பிச்சோம். எங்க ஊரு அப்பாமாரு நெறயப் பேரு சிங்கப்பூர், துபாய்ல இருக்காங்க, பிள்ளைக்கு டிசி வாங்கச் சொல்லி முடிவு எடுக்குறதே அங்க இருந்துதான். நீளமா டைப் பண்ணிப் போட்டா யாரும் படிக்கல, ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்புனா எல்லாரும் கேட்டாங்க, வீட்டுல இருக்க பெரியவங்களுக்கும் போட்டுக் காட்டுனாங்க.

அடுத்தது இடத்துக்காரங்க. அந்த வீட்டுல இப்ப ஆச்சி ஒருத்தக மட்டும் இருக்காக, பிள்ளைங்க, கொழுந்தன் பிள்ளைங்க எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், ஒருத்தர் மலேசியா. ஊருல சில பேரு சொன்னாங்க, அவுககிட்ட எதுக்குப் போய் நிக்கணும், கவர்மெண்டே எடுத்துக்கிரும்னு. எனக்கு அது சரியாப் படல. குடுத்த வீட்டுக்கு நாம மரியாதையா போய்க் கேக்குறதுதான் மொற, எடுக்குறதுன்னு கெளம்புனா வருஷக்கணக்கா கேஸ்தான். நானும் ஹெச்எம் டீச்சரும் இன்னும் ரெண்டு அம்மாமாரும் போனோம். முகப்புல பாய் போட்டு உக்கார வச்சு காப்பி குடுத்துட்டு ஆச்சி மொதல்ல கேட்டது, "எத்தன பிள்ளைக படிக்குது? மதியச் சாப்பாடு ஒழுங்காப் போடுறாகளா?" இடத்தப் பத்தி அப்புறம்தான். "எங்க மாமனார் குடுத்த இடம்த்தா அது, நான் இங்க கல்யாணமாகி வந்தப்பவே பள்ளிக்கூடம் இருந்துச்சு. அத நாங்க ஏன் வச்சுக்கப் போறோம், ஆனா நான் ஒருத்தி சொல்லி ஆகாது, பங்காளிக எல்லாரும் சொல்லணும்"னாக. சிவராத்திரிக்குப் பக்கத்துல, வீட்டு முன்னோருக்குச் செய்யுற படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வருவாக, அப்ப வாங்கன்னு சொன்னாக.

அது வரைக்கும் சும்மா இருக்காம ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் எழுதுனோம். பள்ளிக்கூடம் இருக்க நெலம, வராண்டாவுல பிள்ளைங்க உக்காந்திருக்க போட்டோ, சர்வே நம்பர், எவ்வளவு இடம், எங்களுக்கு என்ன வேணும், எல்லாத்தையும் ஒரே பக்கத்துல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்துத்தான் சிக்ரிங்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்துச்சுன்னு ஒரு வரியும் டீச்சர் சேக்கச் சொன்னாங்க, சேத்தோம். படைப்புக்கு வந்தப்ப உக்காந்து பேசுனதுல அவுகளுக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, பள்ளிக்கூடத்த ஒட்டி அவுகளுக்கே இன்னும் காலி இடம் இருக்கு, எழுதிக் குடுக்கும்போது அதுவும் சேந்து போயிரக் கூடாது. ரெண்டு, புதுக் கட்டடத்துல ஐயா பேரு கல்வெட்டுல இருக்கணும். ரெண்டும் நியாயம். கல்வெட்டுக்கு குழுவுல தீர்மானம் போட்டு நகலக் கையிலயே குடுத்தோம். இடத்துக்கு சர்வேயர வச்சு அளக்கலாம்னு பணம் கட்டுனோம்.

இந்த அளக்குறதுலதான் ஊருக்குள்ள பெரிய சண்ட வரப் பாத்துச்சு. கெழக்குத் தெரு சனம் ஊருணிக்குத் தண்ணிக்குப் போறதுக்கும் ரேஷன் கடைக்குப் போறதுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு உள்ளதான் குறுக்க நடப்பாங்க, எத்தனையோ காலப் பழக்கம். சர்வேயர் கல்லு ஊனுன அன்னைக்கு சாயங்காலமே பேச்சு, பாதைய அடைக்கப் போறாங்க, செட்டியார் வீட்டுக்காகத்தான் தலைவரம்மா இதெல்லாம் செய்யுதுன்னு. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆனா தெருவுல இருந்து தெருவுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா ஆகாதுன்னு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த எடத்துலயே எல்லாரையும் வரச் சொன்னோம். பிரசிடெண்ட் வந்தாரு, செட்டியார் வீட்டு சார்பா ஆச்சியோட மகன் வந்தாரு. வரைபடத்த விரிச்சா யாருக்கும் வெளங்கல, கோடு கோடா இருக்கு. அதனால ஒரு வாளி நெறய சுண்ணாம்புத் தூள் எடுத்துட்டு வந்து, கெழக்குத் தெருப் பசங்க கையிலயே குடுத்து, கல்லுக்குக் கல்லு கயிறு புடிச்சு, சுவர் வர்ற எடத்த மண்ணுல கோடு போடச் சொன்னோம். கோடு போட்டு முடிச்சப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு, தெக்கால பக்கம் சுவருக்கு வெளிய ஒரு ஆளு தாராளமா நடக்குற அளவுக்குத்தான் எடம் இருக்கு, தலையில தண்ணிக் கொடம் வச்சுக்கிட்டு எதுத்தாப்ல ஆளு வந்தா ஒதுங்க முடியாது. "சைக்கிள் போகுமா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு, ஒரு பையன் ஓட்டிக் காமிச்சான். "ரெண்டு பேரு எதிரெதிரா போக வேணாமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. செட்டியார் வீட்டு அண்ணன் கொஞ்ச நேரம் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, அவுக காலி இடத்துல இருந்து நாலடி பாதைக்கு விட்டுக் குடுக்குறோம்னு சொன்னாரு, அங்கேயே கோட்ட அழிச்சுத் தள்ளிப் போட்டாங்க. இதுவே ஒரு ஆபீஸ் ரூம்ல உக்காந்து பேசியிருந்தா இந்த நாலடி கெடச்சிருக்காது, நிச்சயமா சொல்லுவேன்.

அதுக்கப்புறம் காகித வேலை. வாரிசு சர்டிபிகேட், வில்லங்கம், பட்டா, சிட்டா, இதெல்லாம் நேரம் எடுத்தாலும் கெடைக்கும். இழுத்தது மலேசியாவுல இருக்கவரோட பவர்தான், அதாவது அவருக்குப் பதிலா இங்க இன்னொருத்தர் கையெழுத்துப் போட அதிகாரம் குடுக்குற பத்திரம். அவரு கோலாலம்பூர்ல இந்தியத் தூதரகத்துல போய் கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அது இங்க வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர்கிட்ட முத்திரைத் தீர்வை கட்டணும், அப்பத்தான் செல்லும். அவருக்கு லீவு கெடைக்காம தள்ளிக்கிட்டே போச்சு. ஒரு ஆபீஸ்ல எங்க ஃபைல காணோம்னு சொல்லி திரும்ப மொதல்ல இருந்து குடுக்கச் சொன்னாங்க. இந்த மாசங்கள்ல ஊருக்குச் சொல்ல நல்ல சேதி ஒண்ணும் இல்ல. அப்பத்தான் சொல்றத நிறுத்தத் தோணும், நாங்க நிறுத்தல. இந்த மாசம் பவர் வரல, ஃபைல் காணோம், மறுபடி குடுத்துருக்கோம், இதான் ரசீதுன்னு அதையும் ஊருணிக் கரையில படிச்சேன், வாய்ஸ் மெசேஜும் போட்டேன். "என்னம்மா எப்பப் பாத்தாலும் இதையே சொல்ற"ன்னு சலிச்சுக்கிட்டவங்களும் உண்டு. ஆனா மூடப்போறாங்கங்கிற பேச்சு திரும்பக் கெளம்பல, எனக்கு அது போதும்.

2023 அக்டோபர் 2 கிராம சபையில கட்டடம் கேட்டுத் தீர்மானம் போட்டோம். வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்குது, ஸ்கூல் விஷயம் அதுல வந்தாத்தான் ஒன்றியத்துல எடை கூடும். வழக்கமா ஆம்பளைங்க மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுப் போற கூட்டம், அன்னைக்குப் பாதிக்கு மேல பொம்பளைங்க, கெழக்குத் தெருவுல இருந்துதான் அதிகம். அந்த ஆகஸ்ட் 25ல இருந்து காலை உணவுத் திட்டத்த எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டு வந்துட்டாங்க, அதையும் விடாம சொல்லிக்கிட்டே இருந்தோம், ஏழு மணிக்கே வேலைக்குக் கெளம்புற அம்மாமாருக்கு அதுதான் பெரிய சேதி. வேன்ல போன பிள்ளைங்கள்ல சில பேரு திரும்ப வந்து சேந்தாங்க, எல்லாரும் வரல.

பவர் வந்து, தீர்வை கட்டி, தானப் பத்திரம் பதிவாச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு ஆச்சி நேர்ல வந்தாக, கைரேகை மெஷின்ல வெரல் ரேகை விழவே இல்ல, ஈரத் துணியில தொடச்சுத் தொடச்சு வச்சுத்தான் விழுந்துச்சு. அப்புறம் பட்டா மாறுனதும் நகல ஒட்டுனோம். கட்டடத்துக்கு அனுமதி வந்து இப்ப வேலை நடக்குது, செவுரு கதவு, சன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டம் வரைக்கும் வந்துருக்கு.

2024ல குழுவ மறுபடி அமைச்சாங்க, இப்ப 24 பேரு, முன்னாள் மாணவர்களையும் சேத்துருக்காங்க. தலைவர் வேற ஒரு அம்மா, நான் உறுப்பினரா இருக்கேன், படிச்சுக் காட்டுற வேலைய அவங்களே எடுத்துக்கிட்டாங்க, என்ன விடச் சத்தமா தெளிவாப் படிக்கிறாங்க. அடுத்த பிரச்சனை அஞ்சாப்பு முடிச்சு ஆறாப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போற பிள்ளைங்களுக்குக் காலைல பஸ்ஸு நேரம் ஒத்து வராதது. டிப்போவுக்கு மனு குடுத்துருக்கோம், பதில் இன்னும் வரல.