ஒரு காபிக் கடை வாசல்

இரண்டு நாளாக விவியன் மலோன்-மேயஸ் என்ற பெயர் மனதை விட்டுப் போகவில்லை.

டெக்சாஸில் வேக்கோ என்ற ஊர்க்காரர், கறுப்பினப் பெண். சொந்த ஊரிலேயே இருந்த பேய்லர் பல்கலைக்கழகம், 1961-இல் நிறத்தைக் காரணம் காட்டி இடம் தர மறுத்தது. சரி என்று ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வுக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு பேராசிரியர் தன் வகுப்புக்குள்ளேயே இவரை விடவில்லை.

எனக்கு அதைவிட வலித்தது காபிக் கடை விஷயம். வழிகாட்டியும் உடன் படித்தவர்களும் வளாகத்துக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து காபியோடு கணிதம் பேசுவார்கள். அந்தக் கடையில் கறுப்பினத்தவருக்குக் காபி கிடையாது. ஆய்வு செய்தவர்களுக்குத் தெரியும், பாதிப் பாடம் அந்த மாதிரி மேசைகளில்தான் நடக்கும்.

1966-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு பேய்லரிலேயே பேராசிரியராகச் சேர்ந்தார், அங்கே முதல் கறுப்பின ஆசிரியர் அவர்தான்!

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் போய் நிற்கிறது. 1949-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவர் பட்டம் வாங்கிய எவலின் பாய்ட் கிரான்வில், கறுப்பினப் பெண், ஃபிஸ்கில் 2 ஆண்டுதான் பாடம் எடுத்தார். வெறும் 2 ஆண்டு! அந்த மாணவிகளில் விவியனும் இருந்தார், எட்டா ஃபால்கனரும் இருந்தார். எட்டா 1969-இல் எமரி பல்கலைக்கழகத்தில் கணித முனைவரானார். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில், கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி அது, 37 ஆண்டுகள் மாணவிகளை வளர்த்தார்.