89ஆவது நிமிடம்

ஏப்ரல் 27, 2023 – வியாழன்

இங்கிலாந்து பிரீமியர் லீகில் மான்செஸ்டர் சிட்டி 4, என் டீம் ஆர்சனல் 1. இலங்கை நேரத்துக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கிய மேட்ச். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நைட் ஷிஃப்ட். கொழுந்து மேல்மாடியில் வாடிக்கொண்டிருந்தது, ரோலர் ஓட்ட இன்னும் நேரமிருந்தது. அந்தப் பெரிய விசிறிகளின் இரைச்சலில் கமென்ட்ரி காதில் விழாது, படம் மட்டும்தான். 7ஆவது நிமிடத்தில் ஹாலண்ட் தட்டிவிட்டதை வாங்கிக்கொண்டு டி புரூய்ன ஓடிய ஓட்டத்திலேயே பாதி உயிர் போய்விட்டது. இடைவேளைக்குச் சற்று முன் ஸ்டோன்ஸ் தலையால் முட்டியதும் போனை மூடி வைத்தேன். பிறகு திறந்தேன். மூடி வைத்துவிட்டுப் போகிறவனாக இருந்தால் இந்தக் குறிப்பையே எழுதமாட்டேனே.

புள்ளிப் பட்டியலில் இன்னமும் நாங்கள்தான் மேலே. எங்களுக்கு 75, அவர்களுக்கு 73. ஆனால் சிட்டிக்கு இரண்டு மேட்ச் மிச்சமாகக் கையில் இருக்கிறது. முதலிடம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும் முதலிடம்.

"பயந்துட்டானுங்க" என்பதுதான் இப்போது எல்லோரும் சொல்வது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மார்ச் 16ஆம் திகதி ஸ்போர்ட்டிங்குடன் ஆடிய அதே மேட்சில் சலிபாவும் டோமியாசுவும் காயப்பட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் லிவர்பூலோடு 2-0 முன்னிலையை விட்டோம், வெஸ்ட் ஹாமோடும் அதே 2-0ஐ விட்டோம், கடைசி இடத்தில் கிடந்த சவுத்ஹாம்ப்டனோடு சொந்த மைதானத்தில் 3-3. வாட்டு சரியில்லாத கொழுந்தை எந்த ரோலரில் போட்டாலும் தூள் சரியாக விழாது. பின்வரிசையில் ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். பயம் என்பது தோற்றபிறகு வெளியில் நிற்பவர்கள் வைக்கும் பெயர்.

விடியற்காலை லொறி டிரைவர் அண்ணன் வந்தார். சிட்டி ஆள். "மொகத மல்லி?" (என்ன தம்பி?) என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

மே 7 – ஞாயிறு

வெசாக் விளக்குக் கூடுகள் இன்னும் டவுனில் இறக்கப்படவில்லை. ஒரே நாளில் இரண்டு நல்ல செய்தி: நியூகாசிலில் போய் ஆர்சனல் 2-0. ஜெர்மன் லீகில் என் டீம் டோர்ட்மண்ட் வுல்ஃப்ஸ்பர்க்கை 6-0. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஞாயிறுகளைப் பற்றி எழுதவும் ஒன்றும் இருப்பதில்லை.

மே 14 – ஞாயிறு

சித்தப்பா வீட்டில் டிவி. அங்கே என்றால் சென்னை மேட்ச்தான். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முக்கால்வாசி சென்னை, மிச்சம் பேர் டோனி. பத்திரனவும் தீக்ஷனவும் அந்த டீமில் ஆடத் தொடங்கியபிறகு டவுனில் சிங்களப் பொடியன்களும் மஞ்சள் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து போனில் ஆர்சனல்–பிரைட்டன் பார்த்தேன்.

இரண்டுமே தோற்றன. சென்னை கொல்கத்தாவிடம், நாங்கள் பிரைட்டனிடம் 0-3. முதல் பாதி சுமார். 51இல் என்சிசோ அடித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் பந்தை வாங்குவதும், திரும்பிப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவனுக்கே கொடுப்பதும். பிந்திய நேரத்தில் இன்னும் இரண்டு விழுந்தன. சிட்டி முன்பே எவர்டனை 3-0 முடித்துவிட்டது. இப்போது அவர்கள் நான்கு புள்ளி மேலே, ஒரு மேட்ச் மிச்சமும் இருக்கிறது.

டிவியில் பார்த்தால் தோற்ற சென்னை மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது. சேப்பாக்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. காவஸ்கர் ஓடிவந்து சட்டையைக் காட்டி டோனியிடம் கையெழுத்து வாங்குகிறார். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தோத்தா என்னடா தம்பி, மனுசன் நடக்குறதப் பாரு" என்றார். பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

மே 21 – ஞாயிறு இரவு

நேற்று இரவு பத்து மணிக்கு இரண்டு மேட்ச் ஒரே நேரத்தில். ஒன்று ஃபொரஸ்ட்–ஆர்சனல். மற்றது மியூனிக்கில் பயேர்ன்–லெய்ப்சிக்; ஜெர்மன் லீகில் டோர்ட்மண்டோடு கோப்பைக்கு மோதுவது பயேர்ன்தான். என் போனில் ஒன்று, தங்கச்சி போனில் மற்றது. அவள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிறாள், போனை இரவில் அம்மா பிடுங்கி வைத்துவிடுவார். அது எனக்கு வசதி.

ஃபொரஸ்ட்டில் 19ஆவது நிமிடம். ஓடகார்ட் நடுவில் பந்தைத் தொலைத்தார். கிப்ஸ்-வைட் ஓடிவந்து உள்ளே தள்ள, கேப்ரியல் குறுக்கே விழுந்து தடுத்த பந்து அவோனியியின் காலில் பட்டு உள்ளே போனது. அடித்த கோல் கூட இல்லை, பட்ட கோல். அதோடு முடிந்தது. சிட்டி நேற்று விளையாடவே இல்லை, வீட்டிலிருந்தபடியே சாம்பியன் ஆனார்கள். ஃபொரஸ்ட் ரசிகர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மீது கோபம் வரவில்லை. 248 நாட்கள் முதலிடத்தில் இருந்துவிட்டுக் கோப்பை இல்லாமல் முடித்த அணி இங்கிலாந்தில் வேறு இல்லையாம். இதையும் ஒரு சாதனைப் பட்டியலில் போட்டுவைத்திருக்கிறார்கள், பாவிகள்.

ஆனால் இன்னொரு போனில் பயேர்ன் 1-0 என்று இருந்தது 1-1 ஆனது, பிறகு இரண்டு பெனல்டி, 1-3! சொந்த மைதானத்தில்! அம்மா எழுந்து வந்து "எந்த ஊட்டுல என்னாச்சு?" என்று கேட்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

இன்று டோர்ட்மண்ட் ஆக்ஸ்பர்க்கில் 3-0. ஹாலர் இரண்டு, பிராண்ட் ஒன்று. டோர்ட்மண்ட் 70, பயேர்ன் 68. கடைசி மேட்ச் சொந்த மண்ணில், எதிரி மைன்ஸ். ஜெயித்தால் போதும்.

ஹாலரைப் பற்றி ஒரு வரி எழுதியாக வேண்டும். கடந்த ஜூலையில் டோர்ட்மண்டுக்கு வந்த கையோடு விதைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு ஒபரேஷன், கீமோ. ஜனவரியில் திரும்ப வந்தார். அந்த மனிதர் சாம்பியன் கோலை அடிக்கவேண்டும் என்று வேண்டாதவர் யாராவது இருப்பார்களா?

மே 24 – புதன்

இன்று மழை. மப்பு இறங்கி காசல்ரீ குளம் எங்கே என்று தெரியவில்லை. நேரம் இருப்பதால், பலபேர் கேட்ட கேள்விக்கு: இங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு லண்டனும் ஜெர்மனியும்?

பெரியம்மா மகன் கொழும்பில் கடையில் நின்றவர். 2004 தீபாவளிக்கு வரும்போது ஒரு சிவப்புச் சட்டை கொண்டுவந்தார், முதுகில் ஹென்றி, 14. அந்த வருடம்தான் ஆர்சனல் 38 மேட்சில் ஒன்றுகூடத் தோற்காமல் லீகை எடுத்திருந்தது. நல்ல பக்கம் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு லீக் கோப்பை வரவே இல்லை.

டோர்ட்மண்ட் 2013. ஏப்ரல் 24 இரவு லெவண்டோவ்ஸ்கி தனி ஆளாக ரியல் மட்ரிட்டுக்கு நான்கு கோல் போட்டதைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதமே வெம்ப்ளியில் பயேர்னோடு ஃபைனல், 89ஆவது நிமிடத்தில் பயேர்னின் ரொபன் அடித்த கோலில் தோற்றோம். பிறகு லெவண்டோவ்ஸ்கியே பயேர்னுக்குப் போய்விட்டார். டோர்ட்மண்ட் கடைசியாக லீகை எடுத்தது 2012. அடுத்த பதினொரு வருடத்தில் பத்துக் கோப்பை பயேர்னுக்கு, பதினொன்றாவதும் அங்கேயே போகாமல் இருக்க ஒரு மேட்ச்தான் பாக்கி.

நம் நாட்டு டீமைப் பார்க்கலாமே என்கிறார்கள். பார்க்கலாம்தான். ஜனவரி 21இல் இருந்து ஃபிஃபா தடை. இலங்கை டீம் எந்த நாட்டோடும் ஆட முடியாது. எங்கள் தோட்டத்து கிரவுண்டில் கோல் போஸ்ட் இருந்த இடத்தில் இப்போது வொலிபோல் நெட் கட்டியிருக்கிறார்கள். டன்பார் மைதானத்துக்குப் போனால்தான் ஒழுங்காக உதைக்கலாம், அதற்கு ஹட்டனுக்கு பஸ் ஏறவேண்டும்.

மே 27 – சனி, நள்ளிரவு தாண்டி

எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

இரவு 7 மணி. ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். சித்தப்பாவிடம் டிவியைக் கேட்டு வாங்கினேன், சென்னை ஃபைனல் நாளைக்குத்தான் என்பதால் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார், லொறி டிரைவர் அண்ணனும் வந்தார். எந்த பக்கம் என்று கேட்டேன், "இன்னைக்கு ஒங்க பக்கந்தான்" என்றார்.

8ஆவது நிமிடம், அதே நேரத்தில் கொலோனில் ஆடிக்கொண்டிருந்த பயேர்ன் முன்னால் போய்விட்டது. கோமன். சரி, அதை எதிர்பார்த்தோம். 15இல் மைன்ஸ் கோர்னரில் இருந்து தலையால் ஒன்று. யாரும் பேசவில்லை. 19இல் பெனல்டி கிடைத்தது. பந்தை எடுத்தவர் ஹாலர். நான் எழுந்து நின்றேன். மைன்ஸ் கோல்கீப்பர் தாமென் சரியான பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டார். அந்த முகத்தை இனிமேல் பார்க்கவே கூடாது என்று நினைத்தேன், அவர்களோ நான்கு முறை திருப்பிக் காட்டினார்கள். 24இல் மைன்ஸுக்கு இரண்டாவது.

மைன்ஸுக்கு இந்த மேட்சில் ஒன்றுமே இல்லை. மேலேயும் போகமாட்டார்கள், கீழேயும் விழமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் கவலை இல்லாமல் ஆடுவார்கள்.

இரண்டாம் பாதியில் பெருமழை. தகரக் கூரை, சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். டிஷ் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு ஏறப் போனார், சித்தி திட்டி நிறுத்திவிட்டார். போனுக்கு மாறினோம். நான்கு தலை ஒரு போனில். 69இல் கெரெய்ரோ, 1-2. எங்கள் பெலிங்ஹாம் முழங்கால் காயத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் செய்ய முடியாமல்.

பிறகு 81ஆவது நிமிடம். கொலோனுக்குப் பெனல்டி. லுபிச்சிச் போட்டார், 1-1. கணக்குப் போட்டேன்: டோர்ட்மண்ட் தோற்றாலும் 70, பயேர்னுக்கு 69. அதாவது சொந்த மைதானத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போதே சாம்பியன்! டோர்ட்மண்ட் மைதானத்தில் அந்தச் செய்தி பரவியதைக் கண்ணால் பார்த்தோம். ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் 81,000 பேர் கத்துகிறார்கள். மஞ்சள் சுவர் என்று சொல்லும் அந்த ரசிகர் ஸ்டாண்ட் முழுக்க ஆடுகிறது. டிரைவர் அண்ணன் என் முதுகில் அடித்தார். எட்டு நிமிடம் அப்படியே இருந்தது.

89. முசியாலா. கொலோன் பெட்டிக்கு வெளியே கொஞ்சம் இடம் கிடைத்தது, வலது காலால் மூலைக்குள் வைத்தார். அதே 89. பத்து வருடத்துக்குப் பிறகும் அதே நிமிடம்.

90+6இல் சூலே 2-2 ஆக்கினார். அவர் போன வருடம்வரை பயேர்ன் ஆள். ஒரே ஒரு கோல் இன்னும் வேண்டும், நேரம் இல்லை. இரண்டு பேருக்கும் 71. கோல் வித்தியாசத்தில் பயேர்ன். பதினொன்றாவது தடவை தொடர்ச்சியாக.

டோர்ட்மண்ட் கோச் டெர்சிச் தனியாக மஞ்சள் சுவருக்கு முன்னால் போய் நின்று அழுதார். சின்ன வயதில் அந்தச் சுவரில் நின்று பார்த்த ரசிகர் அவர். சுவர் அவரைத் திட்டவில்லை, பாடியது.

கோப்பை ஏப்ரலிலேயே போய்விட்டது என்று ஆர்சனலுக்கு நான் சொன்ன நியாயத்தை இங்கேயும் சொல்லலாம். ஸ்டுட்கார்ட் பத்துப் பேரோடு ஆடியபோது கடைசி நிமிடத்தில் 3-3 விட்டது, போகமில் தெளிவான பெனல்டி கொடுக்கப்படாமல் 1-1 ஆனது. எல்லாம் உண்மை. ஆனால் ஆர்சனல் ஏழு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது, நான் பழகிக்கொண்டேன். இது எட்டு நிமிடம் கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கியது. எது மேல் என்று கேட்டால் ஆர்சனல் தோற்ற மாதிரித் தோற்பதுதான் மேல்.

மே 28 – ஞாயிறு

நாளைக்குத் தங்கச்சிக்கு ஓ.எல். தொடக்கம். வீட்டில் டிவி, போன், சத்தம் எதுவும் கிடையாது என்று அம்மா உத்தரவு. மறுபடியும் சித்தப்பா வீடு. அகமதாபாத்தில் மழை. சென்னை ஃபைனலுக்கு வந்த கூட்டம் விரித்த தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் சித்தப்பா ரிமோட்டை என்னிடம் எறிந்தார். இருபது பேர் உட்கார்ந்து ஆர்சனல்–வுல்வ்ஸ் பார்த்த ஒரே லயம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

5-0. எதற்கும் உதவாத ஐந்து கோல். ஷாகா 15 நிமிடத்துக்குள் இரண்டு போட்டார். 2019இல் இதே ரசிகர்கள் ஊளையிட்டு விரட்டிய கேப்டன், இன்று பெயர் சொல்லிப் பாடுகிறார்கள். சிட்டி பிரென்ட்ஃபோர்டில் தோற்று 89 புள்ளியோடு முடித்தது, நாங்கள் 84.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் ஓரமாக லெஸ்டர் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2016இல் அவர்கள் சாம்பியன் ஆனபோது பிடித்த பைத்தியம். இன்று வெஸ்ட் ஹாமை 2-1 ஜெயித்தார்கள். ஆனால் எவர்டனில் டூக்குரே ஒன்று போட்டுவிட்டார். லெஸ்டர் இறங்கிவிட்டது. ஏழு வருடத்தில் சாம்பியனில் இருந்து இரண்டாம் பிரிவுக்கு. அவரிடம் என் டோர்ட்மண்ட் கதையைச் சொல்லி அழ வாய் வரவில்லை.

மே 30 – செவ்வாய்

சென்னை ஜெயித்துவிட்டது. ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும். இரவு இரண்டு மணிக்கு லயத்தில் பட்டாசு. காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். சித்தப்பா எனக்கு மட்டும் ஸ்பெஷலாக லட்டு கொடுத்தார், ஆறுதல் பரிசு என்று.

ஜூன் 15 – வியாழன்

சிட்டி லீக், எஃப்.ஏ. கப், சாம்பியன்ஸ் லீக் மூன்று கோப்பையும் எடுத்துவிட்டது. டிரைவர் அண்ணன் ஸ்டோர் முழுக்க டொஃபி கொடுத்தார். பெலிங்ஹாம் மட்ரிட்டுக்குப் போய்விட்டார், 103 மில்லியன் யூரோ. ஹாலர் இருக்கிறார்.

இன்று அடுத்த சீசன் அட்டவணை வந்தது. ஆர்சனலுக்கு முதல் மேட்ச் ஓகஸ்ட் 12, சனிக்கிழமை, சொந்த மைதானத்தில். வருவது ஃபொரஸ்ட். வேறு டீமே கிடைக்கவில்லையா? அந்தச் சனிக்கிழமைக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள இப்போதே ஆளிடம் சொல்லி வைத்துவிட்டேன்.