கையைப் பிடித்துக் கற்ற கோலோ

செர்பியாவின் நோவி சாத் நகருக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், கூட வேலை பார்க்கும் பெண் தன் கல்யாணத்துக்கு அழைத்தாள். செர்பியக் கல்யாணம் என்றால் கோலோ, அதாவது கைகோத்து வரிசையாக ஆடும் ஆட்டம், இல்லாமல் முடியாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தைய வருஷம் இன்னொரு கல்யாணத்தில் ஏதோ வேகத்தில் வரிசை நடுவில் புகுந்துவிட்டேன். பக்கத்தில் ஆடிய பெரியவரின் காலை மூன்று முறை மிதித்தேன். அவர் முகம் சுளிக்காமல் பாட்டு முடியும்வரை என்னை இழுத்துக்கொண்டே போனார். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. முதலில் யூடியூபைத்தான் நம்பினேன். 1948ல் பெல்கிரேடில் தொடங்கிய ‘கோலோ’ தேசியக் குழுவின் மேடை ஆட்டத்தைப் பார்த்துக் கற்கலாம் என்று நினைத்தது முட்டாள்தனம். அது மேடைக்காக அமைத்த ஆட்டம். போதாததற்கு ஆடுகிறவரின் வலது எனக்கு இடதாகத் தெரிந்தது.

அப்புறம்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஊருக்கு ஊர் இருக்கும் கலைச் சங்கங்களைச் சுருக்கமாக ‘கூத்’ என்பார்கள். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். இன்னொன்றும் பிடித்தது. நாம் கூத்துக்கும் பந்துக்கும் ‘ஆடு’ என்பதுபோல, அவர்களுக்கும் கோலோ ஆடுவதற்கும் கால்பந்து ஆடுவதற்கும் ‘இக்ராதி’ என்று ஒரே சொல்தான்.

அடவு கேட்டால் சுலபம். இரண்டு தட்டு ஒரு சுற்று. முதல் சுற்றில் வலப்பக்கம் இரண்டு அடி, அடுத்த மூன்று சுற்றும் நின்ற இடத்திலேயே மும்மூன்று சின்ன அடி. பிறகு இடப்பக்கம் அதே கணக்கு. ஆக எட்டுச் சுற்று. மொராவத்ஸ், உஜிச்கோ என்று பாட்டு மாறினாலும் காலுக்கு வேலை இதுதான். ஒரு வாரத்தில் கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஆட்டம் வரவில்லை.

ஏனென்றால் கோலோ முழங்காலில் இருக்கிறது. தோள் அசையக் கூடாது, பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பக் கூடாது, முழங்கால் மட்டும் ஓயாமல் மெல்ல அதிர வேண்டும். நான் பெரிய பெரிய அடியாக வைத்துக் குதித்துக்கொண்டிருந்தேன். “சித்னியே! சித்னியே!” என்று ஆசிரியை கத்துவார். இன்னும் பொடியாக வை என்று அர்த்தம். என் ஷூவின் ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்வியதால் முழங்கால் வலித்தது. நுனி வளைந்த தோல் செருப்பான ஓபான்சியை இரவல் வாங்கிப் போட்ட பிறகுதான் கால் இழைந்தது. வீட்டில் பால் காயும் நேரமெல்லாம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஆசிரியை ஒரு காரியம் செய்தார். நன்றாக ஆடும் இரண்டு பேருக்கு நடுவில் என்னை நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார். கையைத் தொங்கவிட்டபடி கோத்துக்கொண்டு ஆடும் முறை அது. கண்ணை மூடியதும் புரிந்தது: திரும்பப் போகிறார்கள் என்பது காலுக்குத் தெரியும் முன்பே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அதுவரை குனிந்து பாதத்தையே பார்த்ததுதான் என்னைக் கெடுத்தது. அன்றைக்கு எண்ணுவதை விட்டேன்.

சாச்சக் என்றொரு கோலோ உண்டு. காலின் அடவு பத்துச் சுற்றில் முடியும். பாட்டோ எட்டில் முடியும். நம் தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எளிதாக இருக்கும் என்று பெருமையாகப் போனேன். இன்றுவரை வரவில்லை.

கல்யாணத்தில் அக்கார்டியன்காரர் தொடங்கினார். வரிசையின் வலது நுனி கோலோவோஜாவுக்கு, அதாவது முன்னால் நின்று நடத்துகிறவருக்கு. அவருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வது மரியாதைக் குறைவு. நான் ஒழுங்காக இடது நுனியில் போய்ச் சேர்ந்தேன். அந்தக் கடைசி ஆளுக்கு ‘கெத்ஸ்’ என்று பெயர். சீட்டுக்கட்டின் ஏஸுக்கும் அதுதான். பெயர்தான் கம்பீரம். முன்னால் வரிசை வளைந்து சுருளும்போது வால்தான் அதிகம் ஓட வேண்டும். இசை வேகமெடுத்தது, யாரோ அக்கார்டியனில் பண நோட்டைச் செருகினார்கள், இன்னும் வேகமெடுத்தது. கெண்டைக்கால் எரிந்தாலும் யாரையும் மிதிக்கவில்லை.

அப்போது என் இடது கையை ஒரு பொடியன் வந்து பிடித்தான். ஏழு வயது இருக்கும். அவன் கால் பூப்போல ஆடியது. ஒரு சுற்று முழுக்க என் பாதத்தையே பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்திச் சொன்னான்: “சித்னியே.”