ஐசிசி பிளான்ஸ் எக்ஸாமினர் தேர்வு: பராமரிப்பு இல்லக் கேள்விகளை எப்படிப் பிடிப்பது?

பிளான்ஸ் எக்ஸாமினர் என்பவர் கட்டட வரைபடங்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சரிபார்ப்பவர். இதற்கான அமெரிக்காவின் ஐசிசி (கட்டட விதிநூல்களை வெளியிடும் இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்) தேர்வுகளைப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். அதனாலேயே பலர் முதியோர் இல்லக் கேள்வி வந்ததும் நேரே ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) அத்தியாயத்துக்கு ஓடுகிறார்கள். கட்டடம் எந்த வகுப்பு என்று தெரியாமல் போனால், சரியான பக்கத்தில் தவறான வரியைத்தான் படிப்பீர்கள்.

வகுப்பை முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். எத்தனை பேர் தங்குகிறார்கள்? தீப்பிடித்தால் தாமாக வெளியே வருவார்களா? 'அசிஸ்டட் லிவிங்' என்று போட்டிருக்கும் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐசிசியின் கட்டட விதிநூலான ஐபிசியில், அன்றாடப் பராமரிப்பு பெற்று 24 மணி நேரமும் தங்குபவர்கள் 16 பேருக்கு மேல் என்றால் ஐ-1 (ஐ என்பது நிறுவன வகுப்பு), 6 முதல் 16 வரை ஆர்-4 (ஆர் என்பது குடியிருப்பு வகுப்பு), அதற்கும் குறைவென்றால் வீட்டைப் போல ஆர்-3. தாமாகத் தப்ப முடியாத ஐந்து பேருக்கு மேல் மருத்துவப் பராமரிப்பில் தங்கினால் ஐ-2. நர்சிங் ஹோம் இதில் வரும்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஊழியர் எண்ணிக்கை. 16 முதியவர்கள், 4 ஊழியர்கள் என்று கேட்டால், 20 என்று கூட்டி ஐ-1 என எழுதுகிறார்கள். ஊழியர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், விடை ஆர்-4.

அடுத்தது கண்டிஷன், அதாவது தங்குபவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்பதைக் குறிக்கும் எண். உதவியின்றி வெளியேறுபவர்கள் மட்டும் என்றால் 1. வெளியேறக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கவோ கைப்பிடிக்கவோ வேண்டும் என்றால் 2. ஸ்பிரிங்க்ளர் விடையே இதனால் மாறும். ஸ்பிரிங்க்ளருக்கான என்எப்பிஏ தரநிலைகளில் 13டி எளியது, 13ஆர் நடுத்தரம், 13 முழுமையானது. ஆர்-4 கண்டிஷன் 1-க்கு 13டி போதும், கண்டிஷன் 2-க்கு 13ஆர் வேண்டும். ஐ-1-இல் கண்டிஷன் 1-க்கு மட்டும் 13ஆர் சலுகை. 2 என்றால் முழு 13.

ஐ-1 கண்டிஷன் 2-இல் முதியவர்கள் தூங்கும் ஒவ்வொரு தளத்தையும் புகைத் தடுப்புச் சுவரால் குறைந்தது இரண்டாகப் பிரிக்க வேண்டும். பக்கத்துப் பகுதியிலிருந்து வருபவர்களுக்கு இங்கே இடம் இருக்க வேண்டும்: பராமரிப்பில் இருப்பவருக்குத் தலா 15 சதுர அடி, மற்றவர்களுக்கு 6. அந்தப் பக்கம் 10 முதியவர்கள், 2 ஊழியர்கள் என்றால் 150 + 12 = 162 சதுர அடி. காரிடார், சாப்பாட்டுக்கூடம், படுக்கையறை எல்லாவற்றையும் இதில் கணக்குக் காட்டலாம்.

காரிடார் சுவரின் தீத்தடுப்பு நேரம் கேட்டால் உள்ளுணர்வை நம்பவே கூடாது. ஸ்பிரிங்க்ளர் இருந்தால் ஐ-2-க்கு 0 மணி நேரம். ஐ-1-க்கு 1 மணி நேரம். நர்சிங் ஹோமுக்குத்தானே கூடுதல் வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஐ-2 தளங்களைப் புகைப் பகுதிகளாகப் பிரித்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பக்கத்துப் பகுதிக்கு நகர்த்துவதுதான் அங்கே பாதுகாப்பு முறை.

என்எப்பிஏவின் உயிர்ப் பாதுகாப்பு விதிநூலான 101-உம் பாடத்திட்டத்தில் இருந்தால் அதையும் ஐபிசியையும் குழப்பாதீர்கள். அதில் நான்கு பேரிலேயே 'போர்டு அண்ட் கேர்' தொடங்கிவிடும். ஐந்து பேர் தங்கும் வீடு ஐபிசிக்கு ஆர்-3, 101-க்குப் பராமரிப்பு இல்லம். புதிய கட்டடத்துக்கு 32ஆம் அத்தியாயம், பழையதுக்கு 33. பழையதில் வெளியேறும் திறனை நேரத்தால் அளக்கிறார்கள்: 3 நிமிடத்துக்குள், 13 நிமிடம் வரை, அதற்கும் மேல். தீ ஒத்திகை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு 6. அதில் குறைந்தது இரண்டு, முதியவர்கள் தூங்கும் இரவு நேரத்தில் நடக்க வேண்டும்.

தேர்வில் சட்டென்று திருப்ப, ஐபிசி புத்தகத்தில் டேப் ஒட்ட வேண்டிய பிரிவுகள்: 308, 310, 420, 903.2.6, 903.3.1, காரிடார் அட்டவணை. அந்த அட்டவணை 2018 பதிப்பில் 1020.1, 2021-இல் 1020.2, தேர்வு எந்தப் பதிப்பில் என்று பார்த்த பிறகே டேப் ஒட்டுங்கள்.